தீபாவளி வருகிறது! மனம் படபடக்கிறதா?

தீபாவளி வருகிறது என்றாலே குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். புதுத் துணி, பட்டாசு, பலகாரம்!

வீட்டுத் தலைவிக்கு?

படபடப்பு!

மாவு அரைக்க வேண்டும். ஒட்டடை அடிக்க வேண்டும். தைக்கக் கொடுத்த ரவிக்கை இன்னும் வரவில்லை. மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு என்ன எடுப்பது? சீட்டுப் பணம் போதுமா?

வீட்டுத் தலைவருக்கு? போனஸ் வந்த வேகத்தில் போய் விட்டது. ஊருக்குப் போக ரெயில் டிக்கெட் கிடைக்கவில்லை. 60 நாளுக்கு முன்பே பதிவு தொடங்கியது. தொடங்கிய சில நிமிஷத்தில் தீர்ந்து விட்டது. இனி பஸ் தான். கூட்டத்தை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

இப்படி இருக்கும் வீட்டில் ஒரு குழந்தை ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டினால் போதும். முதுகில் "பளார்" என்று விழுகிறது ஓர் அடி. அடித்த தாய்க்கும் அப்புறம் அழுகை வருகிறது.

தீபாவளி அன்று எல்லோரும் சிரிக்கிறார்கள். பலகாரம் சுட்டவள் மட்டும் தலையைப் பிடித்துக் கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து இருக்கிறாள்.

அப்படியானால் இந்தப் பண்டிகை யாருக்கு?

இந்தப் படபடப்பைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குக் காசு செலவு இல்லை. கடைக்குப் போக வேண்டாம். அதன் பெயர் "மனக் கவனம்". "மைண்ட்ஃபுல்னெஸ்" என்று இங்கிலீஷில் சொல்கிறார்கள்.

புலி இல்லாத ஓட்டம்

படபடப்பு எப்படி வருகிறது? முதலில் அதைத் தெரிந்து கொள்ளுங்கள்.

நம் உடம்பில் 2 சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் தொப்பி வைத்தது போல ஒரு சுரப்பி உண்டு. "ஆபத்து" என்று மூளை நினைத்ததும், இந்தச் சுரப்பிகள் அட்ரினலின் என்ற பொருளை ரத்தத்தில் கலந்து விடுகின்றன.

உடனே இருதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. கை, கால் தசைகள் முறுக்கேறுகின்றன. வயிற்றில் சாப்பாடு செரிப்பது குறைகிறது.

இதெல்லாம் எதற்காக? புலி துரத்தினால் ஓட வேண்டும் அல்லவா? அதற்காக இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது.

ஆனால் நம் சமையல் அறையில் புலி இல்லை. "நாத்தனார் என்ன சொல்வாளோ?" என்ற நினைப்பு தான் இருக்கிறது. அந்த நினைப்பையும் மூளை புலியாகவே எடுத்துக் கொள்கிறது.

புலி போய் விட்டால் உடம்பு அடங்கி விடும். நினைப்பு போவதில்லை. காலையில் எழுந்ததும் வருகிறது. படுத்த பிறகும் வருகிறது. ஆகவே உடம்பு நாள் கணக்கில் ஓடுவதற்குத் தயாராகவே நிற்கிறது. தலைவலி, தூக்கம் இன்மை, தொட்டதற்கெல்லாம் கோபம்: எல்லாம் இதனால் வருவது தான்.

கை இங்கே, மனம் எங்கே?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2 பேர் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2010-ம் ஆண்டில் வெளி வந்தது.

2,250 பேரிடம் கைப்பேசி மூலம் அவ்வப்போது 3 கேள்விகளைக் கேட்டார்கள். "இப்போது என்ன செய்கிறீர்கள்? அதைப் பற்றித் தான் நினைக்கிறீர்களா, வேறு நினைப்பா? சந்தோஷமாக இருக்கிறீர்களா?"

பதில்கள் என்ன தெரியுமா? 100 தடவை கேட்டால், ஏறக்குறைய 47 தடவை மனம் வேறு எங்கோ இருந்தது! அப்படி மனம் அலைந்த நேரங்களில் சந்தோஷமும் குறைவாகவே இருந்தது. மனம் இனிமையான நினைப்புக்குப் போனவர்கள் கூட, செய்கிற வேலையிலேயே மனதை வைத்தவர்களை விட அதிக சந்தோஷமாக இல்லை.

தீபாவளி நேரத்தில் கேட்கவே வேண்டாம். கை முறுக்குப் பிழிகிறது. மனம் ஜவுளிக் கடையில் நிற்கிறது. கால் ஜவுளிக் கடைக்குப் போகிறது. மனம் அடுப்படிக்குத் திரும்பி விடுகிறது.

இதனால் ஒரே வேலையை 2 தடவை செய்கிறோம். கையால் ஒரு தடவை, மனதால் ஒரு தடவை. இந்த இரண்டாவது வேலை தான் நம்மை வாட்டுகிறது.

பாட்டிக்குத் தெரிந்த வித்தை

மனக் கவனம் என்பது பெரிய வித்தை அல்ல. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் பாட்டியைப் பார்த்திருக்கிறீர்களா?

பாகு கொதிக்கும். பாட்டி ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுவார். விரலால் உருட்டிப் பார்ப்பார். கரைந்தால் பதம் வரவில்லை. மெத்தென்று உருண்டு வந்தால் பதம் வந்து விட்டது. கொஞ்சம் தாண்டினாலும் அதிரசம் கல்லாகி விடும்!

அந்த நேரத்தில் பாட்டியிடம் ஏதாவது கேட்டால் பதில் வராது. கண், மூக்கு, விரல் எல்லாம் பாகில் இருக்கும். நேற்று நடந்த சண்டையும் இல்லை. நாளைக்கு வரும் செலவும் இல்லை.

அது தான் மனக் கவனம். பாகுக்குப் பதம் பார்ப்பது போல, மனதுக்கும் பதம் பார்ப்பது. இந்த நிமிஷத்தில் என்ன நடக்கிறதோ, அதை அப்படியே கவனிப்பது. "இது நல்லது, அது கெட்டது" என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது.

ஆஸ்பத்திரிக்கு வந்த தியானம்

இது புது விஷயமும் அல்ல. புத்தர் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று. பாலி மொழியில் இதை "ஸதி" என்பார்கள். "நினைவோடு இருத்தல்" என்று அர்த்தம்.

நம் காலத்தில் இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தவர் ஜான் கபட் ஜின் என்ற அமெரிக்கர். இவர் மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர் அல்ல. உயிரியல் படித்துப் பட்டம் பெற்றவர். 1979-ம் ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். மருந்து சாப்பிட்டும் வலி தீராதவர்கள் அங்கே வந்தார்கள். 8 வாரம் பயிற்சி. மதம் இல்லை, மந்திரம் இல்லை. மூச்சைக் கவனிப்பது, உடம்பைக் கவனிப்பது, அவ்வளவு தான்.

முதல் பாடம் என்ன தெரியுமா? ஓர் உலர்ந்த திராட்சை! அதைக் கையில் கொடுத்து, பார்க்கச் சொல்வார்கள். தடவச் சொல்வார்கள். முகரச் சொல்வார்கள். பிறகு மெதுவாக மெல்லச் சொல்வார்கள். "இவ்வளவு நாள் திராட்சையை ருசித்துச் சாப்பிட்டதே இல்லையே!" என்று பலர் ஆச்சரியப்படுவது உண்டு.

இதில் பலன் இருக்கிறதா? 47 சோதனைகளை, அவற்றில் கலந்து கொண்ட 3,515 பேரின் விவரங்களை ஆராய்ந்து, 2014-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கவலை, மனச்சோர்வு, வலி ஆகியவை இத்தகைய பயிற்சியால் ஓரளவு குறைகின்றன என்று அது கூறியது. மருந்தையும் தேகப் பயிற்சியையும் விட இது உயர்ந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அதே அறிக்கை கூறியது. ஆகவே இது மந்திரக்கோல் அல்ல. நல்ல பழக்கம்.

3 நிமிஷப் பயிற்சி

எப்படிச் செய்வது? சொல்கிறோம்.

முதல் நிமிஷம்: நாற்காலியிலோ, தரையிலோ உட்காருங்கள். கண்ணை மூடலாம், மூடாமலும் இருக்கலாம். "இப்போது எனக்கு என்ன நடக்கிறது?" என்று உங்களையே கேளுங்கள். கோபமா? பயமா? கழுத்து வலிக்கிறதா? பசிக்கிறதா? எது இருந்தாலும் இருக்கட்டும். விரட்ட வேண்டாம். "ஓகோ, இது பயம்" என்று பெயர் சொல்லிப் பாருங்கள். அது போதும்.

இரண்டாவது நிமிஷம்: மூச்சைக் கவனியுங்கள். வயிறு மேலே எழும்புகிறது. கீழே இறங்குகிறது. அதை மட்டும் பாருங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

மூன்றாவது நிமிஷம்: உடம்பு முழுவதையும் கவனியுங்கள். நெற்றி சுருங்கி இருக்கிறதா? பல்லைக் கடித்துக் கொண்டு இருக்கிறீர்களா? தோள் தூக்கிக் கொண்டு நிற்கிறதா? கவனித்ததும் அவை தாமாகவே கொஞ்சம் தளரும்.

"மூச்சைப் பார்த்தால், பால்காரர் கணக்கு தான் ஞாபகம் வருகிறது" என்கிறீர்களா? வரும்! மனம் கன்றுக்குட்டி போல. ஓடத் தான் செய்யும். ஓடினால் அடிக்க வேண்டாம். கயிற்றைப் பிடித்து மெதுவாகத் திரும்பக் கொண்டு வாருங்கள். 10 தடவை ஓடினால் 10 தடவை கொண்டு வாருங்கள். திரும்பக் கொண்டு வருவது தான் பயிற்சி.

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை செய்யலாம். பண்டிகைக்கு 2 வாரம் முன்பே தொடங்கி விட்டால், பரபரப்பு வரும் நேரத்தில் பழக்கம் கை கொடுக்கும்.

அடுப்படியிலேயே செய்யலாம்

"உட்கார நேரம் ஏது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயம் தான். வேலை செய்து கொண்டே பழகலாம்.

முறுக்கு சுடுகிறீர்களா? எண்ணெயில் போட்டதும் "சலசல" என்று நுரை பொங்குகிறது. வேக வேக அந்தச் சத்தம் அடங்குகிறது. சத்தம் அடங்கினால் முறுக்கு வெந்து விட்டது. அந்தச் சத்தத்தைக் காதால் கேளுங்கள். அது கூடத் தியானம் தான்! கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் மனம் அங்கேயே இருப்பது கைக்கும் நல்லது, உடுத்திய சேலைக்கும் நல்லது.

பாத்திரம் துலக்குகிறீர்களா? வியட்நாமில் பிறந்த திக் நாட் ஹான் என்ற புத்த பிக்கு, இதையே ஒரு பாடமாகச் சொல்லி வந்தார். 2022-ம் ஆண்டில், 95-ம் வயதில் அவர் காலமானார். வேலை தீர வேண்டுமே என்று துலக்காமல், துலக்குவதற்காகவே துலக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தண்ணீரின் குளிர்ச்சி, நாரின் சொரசொரப்பு, பாத்திரத்தின் பளபளப்பு: இவற்றில் மனதை வைத்துப் பாருங்கள். வேலை அதே வேலை தான். பாரம் மட்டும் குறையும்.

பஸ்சுக்குக் காத்து நிற்கிறீர்களா? இரண்டு பாதமும் தரையில் பதிந்து இருப்பதைக் கவனியுங்கள். பஸ் சீக்கிரம் வந்து விடாது. ஆனால் காத்திருக்கும் நேரம் நரகமாக இராது.

கையை ஓங்கும் முன்

மூச்சை உள்ளே இழுக்கும் போது இருதயம் சற்று வேகமாக அடிக்கும். வெளியே விடும் போது சற்று மெதுவாக அடிக்கும். ஆகவே கோபம் வந்தால், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். 3 தடவை விட்டால் போதும்.

குழந்தை தண்ணீரைக் கொட்டி விட்டதா? கை ஓங்குகிறதா? "எனக்குக் கோபம் வருகிறது" என்று மனதுக்குள் சொல்லுங்கள். 3 மூச்சு விடுங்கள். அதற்குள் ஒன்று தெரிந்து விடும். கோபம் குழந்தை மேல் அல்ல. காலையில் வந்த கடன்காரர் மேல்!

குழந்தை துணி எடுத்துத் துடைக்கட்டும். நீங்களும் சேர்ந்து துடையுங்கள். அடி வாங்கிய தீபாவளியைக் குழந்தை மறக்காது. அடி இல்லாத தீபாவளியையும் மறக்காது.

கடன் அடையுமா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம். மூச்சைக் கவனித்தால் கடன் அடையாது. ஒருத்தி தலையில் 10 பேர் வேலை விழுந்தால், தியானம் செய்து அதைச் சுமக்க வேண்டியதும் இல்லை.

பிறகு என்ன பயன்? படபடப்பு அடங்கினால் கண் தெளிவாகத் தெரியும். எது தேவை, எது தேவை இல்லை என்பது தெரியும்.

ஓர் இரவு கணவனும் மனைவியும் ஒன்றாக உட்காருங்கள். ஒரு தாளை எடுங்கள். 3 கோடு போட்ட பத்தியாகப் பிரியுங்கள்.

முதல் பத்தியில், செய்தே ஆக வேண்டியதை எழுதுங்கள். இரண்டாவதில், செய்தால் நல்லது என்பதை எழுதுங்கள். மூன்றாவதில், ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து செய்வதை எழுதுங்கள்.

மூன்றாவது பத்தி தான் நீளமாக இருந்தால் ஆச்சரியம் இல்லை. அதைத் தைரியமாக அடியுங்கள்! 7 வகைப் பலகாரம் எதற்கு? 2 வகை போதும். பக்கத்து வீட்டில் 5,000 ரூபாய்க்குப் பட்டாசு வாங்கினால், அது அவர்கள் பணம். உங்கள் குழந்தைக்கு 500 ரூபாய் பட்டாசும், கூட நின்று வெடிக்க அப்பாவும் இருந்தால் போதும். வட்டிக்கு வாங்கிப் பட்டு எடுத்தால், பட்டு ஒரு நாள், வட்டி ஒரு வருஷம்.

முதல் பத்தியில் உள்ள வேலைகளைப் பங்கு போடுங்கள். ஒட்டடை அடிப்பது கணவன் வேலை. தேங்காய் துருவுவது மகன் வேலை. கோலம் போடத் தெரிந்தவர் கோலம் போடட்டும். மாமியாரிடம் சீயக்காய், எண்ணெய், லேகியப் பொறுப்பைக் கொடுங்கள். "என்னை யாரும் கேட்பதில்லை" என்ற அவருடைய குறையும் தீரும்!

துக்கம் உள்ள வீடு

எல்லா வீட்டிலும் தீபாவளி சிரித்துக் கொண்டு வருவது இல்லை. அந்த வருஷம் ஒருவரைப் பறி கொடுத்த வீட்டில், வாசலில் கோலம் இருக்காது. தெருவெல்லாம் பட்டாசுச் சத்தம் கேட்க, உள்ளே ஒரு தாய் கதவைச் சாத்திக் கொண்டு இருப்பாள்.

அவளிடம் போய், "மனதைத் தேற்றிக் கொள்" என்று சொல்லாதீர்கள். மனக் கவனம் என்பது துக்கத்தை விரட்டும் தடி அல்ல. துக்கம் வந்தால் வரட்டும். அழுகை வந்தால் அழட்டும். அலை எழும்பும், அடங்கும். அலையை எதிர்த்து நிற்காமல், வந்து போக விடுவதும் ஒரு பயிற்சி தான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம். பலகாரத் தட்டோடு போங்கள். 10 நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசியை எடுக்காமல், அவள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் சும்மா இருங்கள். இன்னொருவர் பக்கத்தில் முழு மனதோடு உட்கார்ந்து இருப்பதும் மனக் கவனம் தான்.

யார் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

கண்ணை மூடி உட்கார்ந்தால் சிலருக்குப் பயம் அதிகம் ஆகும். அவர்கள் வற்புறுத்தி உட்கார வேண்டாம். கண்ணைத் திறந்து கொண்டு, பாதத்தைக் கவனித்தபடி மெதுவாக நடக்கலாம்.

2 வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால், அது வெறும் பண்டிகைப் படபடப்பு அல்ல. டாக்டரிடம் காட்ட வேண்டும். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

"உயிரோடு இருந்து என்ன பயன்?" என்ற எண்ணம் வந்தால், உடனே யாரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசு 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம் "டெலி மானஸ்" என்ற சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம். கட்டணம் கிடையாது.

தீபாவளி அன்று

விடியற்காலையில் தலையில் எண்ணெய் வைக்கும் போது, அவசரப்பட வேண்டாம். நல்லெண்ணெயின் வாசனையை முகருங்கள். உச்சியில் படும் விரலின் சூட்டை உணருங்கள். வெந்நீர் மேலே விழும் போது, வெந்நீரிலேயே இருங்கள்.

லேகியம் நாக்கில் காரமாக இறங்கும். பிறகு இனிக்கும். இரண்டையும் ருசியுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுங்கள். ஆளுக்கு ஒரே ஒரு முறுக்கு. பேசாமல் சாப்பிட வேண்டும். எத்தனை தடவை "நறுக்" என்று சத்தம் வந்தது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு இன்னொரு முறுக்கு!

எல்லோரும் சாப்பிடும் போது அம்மாவையும் கூடவே உட்கார வையுங்கள். ஒரு நாள் மற்றவர்கள் பரிமாறட்டும். அவர் சுட்ட அதிரசத்தை அவர் சூடாகச் சாப்பிடட்டும்.

பொங்கலுக்கும் இது பொருந்தும். ரம்ஜானுக்கும் பொருந்தும். கிறிஸ்துமசுக்கும் பொருந்தும். எந்தப் பண்டிகையும் நாள்காட்டியில் ஒரு நாள் தான். அந்த ஒரு நாளும் நாம் வேறு எங்கோ இருந்து விட்டால், அப்புறம் அடுத்த வருஷம் தான்!